தண்டல் வெயிலுகந்தாள்

ஓடைக்கரிசலில் யாருடைய வயசைக் கேட்டாலும் இப்போதும் இரண்டு கணக்குத்தான் சொல்வார்கள், கப்பல் வருவதற்கு முந்திப் பிறந்த ஆளா, கப்பல் போனதற்குப் பிந்திப் பிறந்த ஆளா என்று. கப்பல் நின்ற அந்தச் சில மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம், ஏனென்றால் அவர்களைப் போட்ட தொட்டிலை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே ஆடிக்கொண்டிருந்தது.

கடல் எங்கள் ஊருக்குக் கிழக்கே, பஸ்ஸில் போனால் உட்கார்ந்த இடம் மரத்துப்போகிற தூரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் கரிசல் காடும் மிளகாய்த் தோட்டமும் சீமைக்கருவேலமும்தான். ஊருக்கு மேற்கே கண்மாய் என்று ஒன்று உண்டு, அதில் தண்ணீர் என்று ஒன்று எப்போதாவது உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்குக் கடற்கரை என்று பேர் வைப்பது வழக்கம், தெருவுக்கு இரண்டு கடற்கரை இருப்பார்கள், அவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்திருக்கமாட்டார்கள், அதற்காக யாரும் வருத்தப்பட்டதும் கிடையாது.

கிழக்குத் தெருக் கடற்கரையின் மகள் வெயிலுகந்தாள். அம்மன் பேரை வைத்துவிட்டு அதை முழுசாகக் கூப்பிட நேரமில்லாமல் வெயிலு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்பு. ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத முகம், ஆனால் அந்த உடம்புக்குள் இருந்த குரல் மட்டும் யாருடையதோ. கட்டைக் குரல் என்று சொன்னால் போதாது, அதற்கும் கீழே, கிணற்றில் வாளி போய் முட்டுகிற இடத்திலிருந்து வருகிற குரல். மூன்றாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் அவளைக் கடவுள் வாழ்த்துப் பாட மைக் முன்னால் நிறுத்தியபோது, கூட்டம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற ஆம்பிளை யார் என்று தேடியது, பிறகு இந்தப் பிள்ளைதான் என்று தெரிந்ததும் சிரித்தது, சிரித்துச் சிரித்து வாடகை நாற்காலிகளில் ஒன்று உடைந்தே போனது. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அம்மா ராமுத்தாய் பிள்ளையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு, "இனிமே சபையில வாயத் திறக்காதே தாயி. வீட்ல பேசு, ஆட்டுக்குட்டியோட பேசு, அது போதும்," என்று சொன்னாள். கொடுமைக்காரி இல்லை ராமுத்தாய், பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவள், அந்தச் சிரிப்பு இன்னொரு தரம் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வெயிலு பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்வார்கள், வெயிலுவின் முறை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செண்பகவல்லி எழுந்து, "வந்திருக்கா சார்," என்று சொல்லுவாள். செண்பகவல்லிக்கு இரண்டு பேர் பேச்சையும் சேர்த்துப் பேசுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, மூன்றாவது ஆள் இருந்தால் அவருக்கும் பேசியிருப்பாள். ஐந்து வருஷமாக அப்படியே நடந்து, புதிதாக வந்த வாத்தியார்களும் அதைப் பாடத்திட்டத்தில் ஒன்று என்று நினைத்துப் பழகிக்கொண்டார்கள்.

தங்கப்பழம் சார் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அவருக்கு வெயிலுவைப் பற்றி மட்டுமல்ல, மொத்த வகுப்பைப் பற்றியும் ஒரு கோபம் இருந்தது. வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து, உன் பேர் என்னப்பா என்று கேட்டால், ஊருக்குள் அத்தனை அட்டூழியம் பண்ணுகிற எங்கள் பிள்ளைகள் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பேரைக்கூட அந்தக் கட்டைவிரலிடம்தான் சொல்லுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன தங்கப்பழம் சார், பட்டணத்துத் துறைமுகத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஆளுக்கொரு வேலை கொடுத்து மாலுமிகளாக நடிக்கவிடுகிறார்கள், போகும்போது இருந்த பிள்ளை வேறு, வரும்போது இருக்கும் பிள்ளை வேறு என்று யாரோ சொல்லக் கேட்டு, வேன் பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

கப்பலின் பேர் அலங்காரமாதா. நூறு வருஷத்துக்கு முந்திக் கட்டியது, மிளகும் கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வந்தது, பிறகு போக இடமில்லாமல் நின்றுவிட்டது. அதைச் சுற்றிக்காட்டுகிற வேலையில் ஜெனோவா மச்சாது என்கிற இளம் பெண் இருந்தாள், பட்டணத்துக் கடற்கரைத் தெருவில் பிறந்தவள், பேசுகிறபோதே கையால் காற்றைத் தள்ளித் தள்ளிப் பேசுவாள். ஒரு தொப்பியில் சீட்டு எழுதிப் போட்டுப் பிள்ளைகளை எடுக்கச் சொன்னாள். ஒருவனுக்குச் சமையல், ஒருத்திக்குச் சுக்கான், பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற ஒருவனுக்குப் பாய்மர உச்சியில் நின்று தூரம் பார்க்கிற வேலை. வெயிலு எடுத்த சீட்டில் தண்டல் என்று இருந்தது. எங்கள் பக்கம் தண்டல் என்றால் வட்டி வசூலிக்க மோட்டார் சைக்கிளில் வருகிற ஆள், அதனால் பிள்ளைகள் சிரித்தார்கள். கப்பலை நடத்துகிறவருக்கு அதுதான் பேர், அவர் சொன்னால்தான் கப்பல் அசையும் என்று ஜெனோவா விளக்கிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவ பேசமாட்டா அக்கா, அவளுக்கு நான் சொல்லிர்றேன்," என்று செண்பகவல்லி முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் நடக்காது. எடுக்கச் சொன்ன வாய்தான் போடவும் சொல்லணும். வேற ஆரு கத்தினாலும் கப்பல் கேக்காது," என்றாள் ஜெனோவா. "நங்கூரத்த எடுன்னு தண்டல் சொல்லணும், பாயத் தூக்குன்னு சொல்லணும், கர வந்ததும் நங்கூரத்தப் போடுன்னு சொல்லணும். நடுக்கடல்ல இருட்டுல கப்பலுக்கு என்ன தெரியும்? தண்டல் குரல் காதுல விழுந்தாத்தான், சரி, நம்ம ஆளு இருக்கான், நிக்கலாம்னு அதுக்குத் தெரியும்."

வெயிலு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஜெனோவா, தண்டல் மேலேயே நிற்கட்டும் என்று அவளை விட்டுவிட்டு, மற்றவர்களைச் சரக்கு அடுக்குகிற அடித்தளத்தைக் காட்ட ஏணி வழியாகக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். மேல்தளத்தில் யாரும் இல்லை. காற்று அடித்தது, கயிறுகள் முனகின, முன்னால் தண்ணீர் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் கிடந்தது, சிரிக்க ஒரு ஆள் இல்லை. வெயிலு தலையை நிமிர்த்தி, ஐந்து வருஷமாக ஆட்டுக்குட்டிக்கு மட்டும் கேட்ட அந்தக் குரலில், முழுத் தொண்டையில், "நங்கூரத்த எடு," என்றாள். அது நன்றாக இருந்தது. "பாயத் தூக்கு," என்றாள். காலுக்குக் கீழே பலகை ஒரு நடுக்கம் நடுங்கியது, அவள் அதற்குப் பயப்படவில்லை, அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது சொல்லைச் சொல்ல வாயெடுத்தபோது ஏணியில் செண்பகவல்லியின் தலை தெரிந்தது. வெயிலு வாயை மூடிக்கொண்டாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார், எல்லோரும் இறங்கி ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் விடிந்தபோது கப்பல் எங்கள் கண்மாய்க்குள் நின்றது.

பொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில், வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணின் மேல், மூன்று பாய்மரமும் ஏறிய பாயுமாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நின்றது. முதலில் பார்த்தவர்கள் ஆடு மேய்க்கப் போனவர்கள், அவர்கள் திரும்பி வந்து சொன்னது, கண்மாய்க்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கப்பல் நிற்கிறது, இனி ஆட்டை எங்கே கொண்டுபோய் மேய்ப்பது என்பதுதான். ஊர் போய்ப் பார்த்தது. நிழல் விழுந்ததால் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் உட்கார்ந்ததால் நாலு பேர் உட்கார்ந்தார்கள், மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்து கப்பலின் வயிற்றடியில் வைத்துவிட்டார், எங்களுக்கும் அது அங்கே வெகுகாலமாக இருந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, யாருடைய கப்பல் என்பது மறுநாள் பள்ளிக்கூட நேரத்தில்தான் தெரிந்தது. வெயிலு பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள், கப்பல் மெல்லக் கிளம்பிக் கண்மாய்க்கரையை ஒரு காலைத் தூக்கி வைக்கிற பதவிசோடு தாண்டி, அவளுக்குப் பின்னால் வந்தது. அவள் நின்றால் நின்றது. கிணற்றுமேட்டைச் சுற்றினால் சுற்றியது. வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள், மிளகாய்ச் செடி ஒன்றுகூட மிதிபடவில்லை, அந்நிய ஊரில் நடக்கிறோம் என்று தெரிந்த விருந்தாளியாக அது அவ்வளவு ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே சாயங்காலம் வரை நின்று, அவளோடு திரும்பி வந்து, கண்மாயில் படுத்துக்கொண்டது. மின்கம்பிதான் இடைஞ்சல், அதற்கும் லைன்மேன் ஒரு வழி பண்ணினார், பள்ளிக்கூட மணிக்கு முந்தி மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைத் தளர்த்திவிட்டு, கப்பல் போனதும் இழுத்துக் கட்டிக்கொண்டார், ஊரும் அந்த நேரத்துக்கு முந்தியே மாவை அரைத்துவைத்துக்கொள்ளப் பழகியது.

கிராம நிர்வாக அலுவலர் வந்து, கண்மாய்ப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டத்தான் பார்த்தார். அவர் வருவதோ முற்பகலில், கப்பல் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கும், ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பெண்கள் மேல்தளத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், அது சீக்கிரம் காய்ந்தது, குழம்பில் போட்டால் உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. கயிற்றில் சேலை உலர்ந்தது, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்களுக்குத் தெரியாத ஊர்க் கனவெல்லாம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் முன்மரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாதா என்றாலும் ஆத்தாள்தானே என்று மஞ்சள் கயிறு கட்டினார்கள், கப்பல் அதையும் ஏற்றுக்கொண்டது. கடலைப் பார்க்காத கடற்கரைகள் எல்லோரும் சாயங்காலம் மேல்தளத்தில் கூடிச் சீட்டு விளையாடினார்கள். சமையல்காரனாக நடித்த பையன் வீட்டில் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றான், தூரம் பார்த்தவன் பல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தான், தங்கப்பழம் சாருக்கு அதிலெல்லாம் சந்தோஷம்தான்.

ராமுத்தாய்க்குத்தான் மானம் போனது. "எவ வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டா ஒரு நாய்க்குட்டியக் கூட்டிட்டு வரும். இவ ஒரு கப்பலக் கூட்டிட்டு வந்திருக்கா," என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஜெனோவா பஸ் ஏறி வந்தாள். கப்பலைத் தடவிப் பார்த்தாள், நங்கூரச் சங்கிலி சுருட்டியபடி இருப்பதைப் பார்த்தாள், வெயிலுவைப் பார்த்தாள். "தண்டல் இன்னும் நங்கூரம் போடச் சொல்லல. அதான் அது பாவம், நடந்துட்டே இருக்கு. ஒரு வார்த்த சொல்லிட்டா நின்னுரும்," என்றாள்.

ஊரே வெயிலுவைப் பார்த்தது. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் குருவம்மாள் கேட்டாள், தங்கப்பழம் சார் கேட்டார், கடற்கரை தன் மகளின் தலையைத் தடவி, "சொல்லேன் தாயி," என்றார். வெயிலு வாயைத் திறக்கவில்லை. ஊர் நடுவில் அந்தக் குரலை எடுத்து வெளியே வைக்கிற பயம் ஒன்று, அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது இன்னொன்று இருந்தது. அவள் ஒரு சொல் சொன்னாள், சிரிக்காமல், யார் குரல் இது என்று தேடாமல், அந்தச் சொல்லை நம்பி இவ்வளவு பெரிய ஒன்று நிலம் தாண்டி அவளுக்குப் பின்னால் வந்திருக்கிறது; நில் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்குப் பின்னால் யார் வருவார்கள். அந்த வயசில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, தன் பேச்சை ஒருவரும் கேட்காமல் ஒரு வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெனோவா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

ஐப்பசி பிறந்தது. மழை வரும் வரும் என்று சொல்லி ஏமாற்றுவதுதான் எங்கள் ஊர் ஐப்பசி, அந்த வருஷம் உண்மையாகவே வந்தது. நாலு நாள் விடாமல் கொட்டி, மேற்கிலிருந்து வருகிற ஓடையெல்லாம் செந்தண்ணீராகப் புரண்டு வந்து கண்மாயில் விழுந்தன. தண்ணீர் கப்பலின் அடிவயிற்றைத் தொட்டது, பிறகு இடுப்பைத் தொட்டது, ஐந்தாம் நாள் மத்தியானம் சாய்ந்து நின்ற கப்பல் நிமிர்ந்து மிதந்தது. ஊர் கரையில் நின்று குலவையிட்டது.

குலவை முடிவதற்குள்ளேயே ஆபத்து தெரிந்துவிட்டது. தரையில் விருந்தாளியாக ஒதுங்கி நடந்த கப்பல், தண்ணீர் கிடைத்ததும் கப்பலாகிவிட்டது. வெயிலு வீட்டில் இருந்தாள். அவள் வீடு கிழக்குத் தெருவில், ஊரிலேயே பள்ளமான தெரு அது, முழுக்கக் கண்மாய்க்கரைக்குக் கீழே. கப்பலுக்குத் தெரிந்தது அவள் இருக்கிற திசை மட்டும்தான், அது பாய் புடைக்க, நேராகக் கரையைப் பார்த்து வந்தது. தரையில் இருந்தபோது தாண்டிய கரையை மிதக்கிறபோது தாண்டத் தெரியவில்லை. மூக்கு போய் முட்டியது. மண் ஒரு வண்டிப் பாரம் சரிந்து விழுந்தது. பின்வாங்கி, மறுபடியும் வந்து முட்டியது. கரை உடைந்தால் கிழக்குத் தெருவில் கூரை மிஞ்சாது, ஆள் மிஞ்சுமா என்பதும் தெரியாது.

ஆண்கள் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார்கள், கழிதான் ஒடிந்தது. மணல் மூட்டையை அடுக்கினார்கள். கிழவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையை அக்கரைக்குக் கொண்டுபோனால் கப்பல் அக்கரைக்குத் திரும்பும் என்று ஒருவர் சொன்னார், சரியான யோசனைதான், ஆனால் ஓடையில் வெள்ளம் போகிறது, மாடே நிற்காது. கடற்கரை தன் வீட்டுக்கு ஓடிப்போய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறினார், ராமுத்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"சொல்லு வெயிலு," என்றார் தங்கப்பழம் சார்.

வெயிலு வாயைத் திறந்தாள். கரை நெடுகச் சனம் நின்றது, ஊர் முழுக்க, ஒரு முகம் விடாமல். அவளுக்கு அந்த வாடகை நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. சத்தம் வரவில்லை.

செண்பகவல்லி பொறுக்க முடியாமல் முன்னால் ஓடிவந்து, தொண்டை கிழிய, "நங்கூரத்தப் போடு!" என்று கத்தினாள். கப்பல் கேட்கவில்லை. சார் கத்தினார். பிரசிடெண்ட் குருவம்மாள் கத்தினாள். ஊரே சேர்ந்து ஒரே குரலாகக் கத்தியது, அடுத்த ஊரில்கூடக் கேட்டிருக்கும், கப்பல் இன்னொரு தரம் முட்டியது, கரையில் நின்ற பனை ஒன்று வேரோடு சாய்ந்து தண்ணீருக்குள் போனது. செண்பகவல்லி திரும்பி வெயிலுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குது வெயிலு. உனக்கு நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரியல," என்றாள்.

ஐந்து வருஷத்தில் செண்பகவல்லி தனக்குத் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெயிலு அவள் கையை விட்டுவிட்டு, அம்மாவை விலக்கிக்கொண்டு, கரையின் விளிம்புக்குப் போனாள். சேறு அவள் காலுக்குக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்த்தாள்.

"நங்கூரத்தப் போடு," என்றாள்.

கத்தவில்லை. அந்தக் குரலுக்குக் கத்த வேண்டிய தேவை இல்லை. மழைக்கும் காற்றுக்கும் அடியில் புகுந்து, தண்ணீர்மேல் உருண்டு போய், மேட்டுக் கோயிலில் இருந்த கிழவர்கள் வரைக்கும் கேட்டது, எங்கள் நெஞ்சுக்கூட்டில் எல்லாம் அது அதிர்ந்தது. கப்பலின் முன்பக்கத்தில் சங்கிலி கடகடவென்று ஓடியது, நங்கூரம் போய் விழுந்த இடத்தில் தண்ணீர் பனை உயரம் எழும்பி அடங்கியது, கப்பல் கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது இழுபட்டு, திரும்பி, நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. வெயிலு மெல்லத் திரும்பி முகங்களைப் பார்த்தாள், ஏதோ தப்புப் பண்ணிவிட்ட பிள்ளை பார்க்கிற மாதிரி. அப்போதுதான் கடற்கரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையின் மறுகோடியைக் கை காட்டினார். மடைப்பக்கம் நின்றவர்கள் கப்பல் நின்றது தெரியாமல் மாங்கு மாங்கென்று மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள்.

"அங்கிட்டு இருக்கவங்களுக்கும் சொல்லு தாயி, நின்னுருச்சுன்னு. என் குரலு அம்புட்டுத் தொல போகாது," என்றார்.

வெயிலு ராமுத்தாயைப் பார்த்தாள். ராமுத்தாய் நனைந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அதை எடுத்தாள். "சொல்லு," என்றாள்.

"நின்னுருச்சு," என்றாள் வெயிலு, கண்மாய் அகலத்துக்கும். மறுகோடியில் மூட்டைகள் கீழே விழுந்தன.

மழை விட்டது, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது, வயலுக்குத் தண்ணீர் திறந்தார்கள். கப்பல் நிறுத்திய இடத்தில் நின்றது, வெயிலு பள்ளிக்கூடம் போனபோது பின்னால் வரவில்லை. முதல் நாள் அவள் நாலு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதாகச் செண்பகவல்லி சொன்னாள். வகுப்பில் வெயிலு பழையபடிதான் இருந்தாள், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பதிவின்போது செண்பகவல்லியே எழுந்து நின்றாள். கரையில் பேசிய குரல் வேறு, பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற குரல் வேறு, ஒரே நாளில் இரண்டும் வந்துவிடாது என்று சாரும் விட்டுவிட்டார்.

தை மாதம் ஜெனோவா மறுபடி வந்தாள். கப்பல் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் சொன்னாள். "தினம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வேனுல வந்து இறங்குது. கப்பல் எங்கக்கான்னு கேக்குது. வெறுந்தண்ணியக் காட்டி அனுப்புறேன்."

அன்று சாயங்காலம் பிரசிடெண்ட் வீட்டு முன்னால் கூட்டம் கூடியது. கப்பல் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் பேச்சு ஓடியது, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம், மீன் வளர்க்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கூட்டத்தின் ஓரத்திலிருந்து அந்தக் கட்டைக் குரல் வந்தது.

"அது போகட்டும். அங்க பிள்ளைங்க வந்து நிக்குதாம்ல."

குருவம்மாள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "தண்டல் சொல்லியாச்சு. அப்புறம் என்ன கூட்டம், போய் அவங்கவங்க சோலியப் பாருங்க," என்றாள்.

மறுநாள் மத்தியானம் சந்தனம் பூசி, மிளகாய் வற்றலை வழித்து எடுத்து, சீட்டுக்கட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு, ஊர் கப்பலை விட்டு இறங்கியது. வெயிலு கரையில் நின்று, "நங்கூரத்த எடு. பாயத் தூக்கு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "பத்திரமாப் போ," என்றாள், அது தண்டல் சொல்கிற சொல் இல்லை, இருந்தாலும் சொன்னாள். அவள் குரல் உடைந்தது, உடைந்தபோதும் அது கட்டையாகத்தான் இருந்தது. கப்பல் மறுகால் ஓடையில் இறங்கி, பருத்திக்காட்டுக்கு நடுவே பாய் மட்டும் தெரிய, கிழக்கே போனது.

அடுத்த நாள் காலை தங்கப்பழம் சார் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஜெனோவா. சார் ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார், பின்னால் அலைச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"சார், கப்பல் வந்துட்டு. ஆனா உள்ள வரமாட்டேங்குது. துறைமுக வாசல்லயே சுத்திச் சுத்தி வருது, ஆரையோ தேடுது. நங்கூரமும் போடமாட்டேங்குது. என்ன செய்ய?"

சார் போனை மேசைமேல் வெயிலு பக்கமாக நகர்த்தினார். வெயிலுவை ஒரு பார்வை பார்த்தார், பிறகு பதிவேட்டைக் குனிந்து பார்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"வெயிலுகந்தாள்."

செண்பகவல்லி பழக்கத்தில் பாதி எழுந்தாள். பாதியிலேயே நின்று, பக்கத்தில் பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பில் போனுக்குள் அடிக்கிற அலையின் சத்தம் மட்டும் இருந்தது.

வெயிலு எழுந்து நின்றாள்.

"உள்ளேன் ஐயா," என்றாள்.

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேசைமேல் கிடந்த போனுக்குள், வெகுதூரத்தில், சங்கிலி கடகடவென்று ஓடித் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. சார் அவள் பேருக்கு நேரே குறித்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.